பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

போன கிழமை, பழுதாய்ப் போன ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு கல்முனையில் ஒரு சின்னக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி குக்கரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் திறந்தார். சூட்டுக்கோலை எடுத்து ஈயக் கம்பியில் வைத்தார். நூல் போல ஒரு புகை எழும்பியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் அந்தக் கடையில் இல்லை. வேலை முடிந்து, அவர் இரண்டு தரம் "சேர், சேர்" என்று கூப்பிட்ட பிறகுதான் கையை நீட்டினேன். வயது போன மனிதருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருப்பார்.

ஈயம் உருகும் மணம் எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்கு மட்டும் அதற்குள் பழைய கார் சீட்டின் மணமும், மாமி தலைக்குப் பூசும் தைலத்தின் மணமும் கலந்து கிடக்கின்றன. மாமி என்றால் என் மனைவியின் உம்மா. கார் அவருடைய கணவருடையது. நெல் வியாபாரம் நல்லாய் நடந்த காலத்தில் மாமா வாங்கிய ஜப்பான் கார். வாங்கும்போது அது வெள்ளையாம். என் கைக்கு வரும்போது பாலில் கொஞ்சம் தேயிலைச் சாயம் விழுந்த நிறம். மாமா மௌத்தான பிறகு அந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் நான் என்பதால் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது. திறமைக்குக் கிடைத்த பதவி என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கலியாணம் முடித்த ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு மனைவியின் வீடு. அதே வளவுக்குள், சில வேளை அதே கூரைக்குக் கீழ், மாமாவும் மாமியும் இருப்பார்கள். சாய்ந்தமருதில் அந்த வீட்டுக்குள் எனக்குச் சொந்தம் என்று நான் கொண்டுபோனது ஒரு பெட்டி உடுப்பும், ஒரு பை நிறையத் திருப்புளிகளும்தான். திருப்புளிகள் எதற்கு என்று மனைவி அப்போதே கேட்டாள். எதையாவது கழட்டலாம் என்றேன்.

ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்தும் மாமி என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபமோ பகையோ ஒன்றும் இல்லை. எனக்கு எந்த மீன் பிடிக்கும், எந்த நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்வேன் என்பதெல்லாம் என் மனைவியைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் மருமகனுக்கு முன்னால் மாமி வருவதும் முகம் பார்த்துக் கதைப்பதும் வெட்கம், மரியாதைக் கேடு. நான் ஹோலில் இருந்தால் அவர் பின்வாசலால் சுற்றிப் போவார். நான் சாப்பிடும்போது திரைச்சீலைக்கு அப்பால் நின்று மகளிடம் கேட்பார்.

"மருமகனுக்கு இன்னுங் கொஞ்சம் ஆணம் வேணுமா எண்டு கேளு புள்ள."

நான் மூன்று முழத் தூரத்தில்தான் இருப்பேன். என் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் அவளிடம், "காணும் எண்டு சொல்லு" என்பேன். மாமியின் காலடிச் சத்தம் குசினிக்குத் திரும்பிப் போகும். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது எங்கள் மூவருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி சாதாரணம்.

மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இரண்டு கிழமைக்கு ஒரு தரம், புதன்கிழமை, அம்பாறையில் கிளினிக். முதலில் மனைவியும் கூட வந்தாள். பின்சீட்டில் உம்மாவும் மகளும் இருந்து கதைத்துக்கொண்டு வருவார்கள், நான் சாரதி வேலை மட்டும் பார்ப்பேன். பிறகு அவளுக்குப் பொத்துவில் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. புதன்கிழமை புதன்கிழமையாக யார் லீவு தருவார்கள்? எனக்குக் காரியாலயத்தில் இலிகிதர் வேலை, அரை நாள் லீவு எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அப்படித்தான் மாமியும் நானும் தனியாக ஒரு காருக்குள் அகப்பட்டுக்கொண்டோம்.

முதல் நாள் நான் செய்த முதல் காரியம், நடுவில் இருக்கும் பின்பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பி விட்டதுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் மாமியின் முகத்தில் போய் விழுவேன். கண்ணாடியில் கார் கூரை மட்டும் தெரிந்தது. பின்னால் என்ன வருகிறது என்பதைப் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துச் சமாளித்தேன். பொலிஸார் மறித்திருந்தால் இதை எப்படி விளங்கப்படுத்தியிருப்பேனோ தெரியாது.

காரைதீவுச் சந்தி வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. மாவடிப்பள்ளியில் இரண்டு பக்கமும் வயல் திறந்ததும் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"வெள்ளாமை கதிர் வெளிக்கிட்டுட்டு."

யாரோடு கதைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போனில் என்று நினைத்தேன். அவரிடம் போன் இல்லை. பிறகுதான் பிடிபட்டது. மாமி பக்கத்து ஜன்னல் கண்ணாடியோடு கதைக்கிறார். கண்ணாடியோடு கதைத்தால் வெட்கமும் கெடாது, மரியாதையும் கெடாது, சொல்ல வந்தது எனக்கும் கேட்கும். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஓம், இந்தமுற தண்ணி நேரத்துக்கு வந்திட்டு."

அன்றிலிருந்து அது ஒரு ஒழுங்காகிவிட்டது. போய்வரும் நேரத்துக்குள் நாலு வசனம், மிஞ்சினால் ஐந்து. "இந்த வளவில நிண்ட புளிய மரத்த வெட்டிட்டாங்க." "மழ வாறாப் போல இரிக்கி." "கொக்கு எவ்வளவு இறங்கி இரிக்கி." நானும் முன் கண்ணாடியிடம் எதையாவது சொல்வேன், சில வேளை சும்மா இருப்பேன். சும்மா இருந்தால், நீங்கள் சொன்னது சரிதான் என்று கருத்து. அதில் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்த ஒரு விதி இருந்தது. கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்டால் அது ஆளோடு நேரே கதைத்ததாகிவிடும்.

நாலு வசனம் போக மிச்ச நேரமெல்லாம் எஞ்சின் சத்தம்தான். நான் வாய் ஓயாத ஆள். காரியாலயத்தில் எனக்குப் பட்டப்பெயரே ரேடியோ. என்னைப் போய் ஒன்றரை மணித்தியாலம் வாயைப் பூட்டிக்கொண்டு இருக்கச் சொன்னால்? காரில் ஒரு கெசட் செட் இருந்தது, பெயருக்கு. மாமாவின் காலத்திலேயே அது கடைசி நாடாவையும் தின்று முடித்துவிட்டது. ரேடியோப் பக்கம் திருப்பினால் மீன் பொரிக்கும் சத்தம். ஒரு நாள் மனைவியிடம் மெதுவாகத் தொடங்கினேன்.

"உம்மா பாவம், அவ்வளவு தூரம் சும்மா இருந்து வாறா. பாட்டு, பைத்து எண்டு ஏதாவது கேட்டா நல்லந்தானே."

"உம்மாக்கா, உங்களுக்கா?" என்றாள். அவளை ஏமாற்ற முடியாது.

புதுச் செட் வாங்கி, கடையில் கொடுத்துப் பூட்டும் அளவுக்கு என் சம்பளம் இல்லை. வாகனங்களைக் கழட்டிச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஒரு செட் அகப்பட்டது. முகப்பு ஒரு காருடையது, உடம்பு வேறொரு காருடையது, ஆனால் பென் டிரைவ் செருகும் துளை இருந்தது. இடித்து நொறுங்கிய ஒரு வேனின் நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இரண்டும் அங்கேயே கிடைத்தன. ஒன்றின் கடதாசி கிழிந்திருந்தது. டிசு பேப்பரைப் பசையில் நனைத்து ஒட்டினால் சரியாகும் என்றார் கடைக்காரர். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே சரியாகியது.

இரண்டு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து காருக்குள் குனிந்தவன் பின்னேரத் தொழுகை அஸர் வரைக்கும் நிமிரவில்லை. டாஷ்போர்ட்டைக் கழட்டும்போது பிளாஸ்டிக் கொக்கி மூன்று முறிந்தது. பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த தட்டு உக்கிப்போயிருந்தது, அலுமாரிக் கதவு ஒன்றின் பலகையை வெட்டிப் போட்டேன். ஸ்பீக்கருக்கு நான் வெட்டிய துளை ஒரு விரல் அகலம் பெரிதாகிவிட்டது. பலகை அதிராமல் இருக்கப் பழைய ரப்பர் செருப்பை வளையமாக வெட்டி அடியில் வைத்தேன். மேலே மூடுவதற்கு என் மருதமுனைச் சாரன் ஒன்றின் மிச்சத் துணி. சிவப்பில் கறுப்புக் கோடு. கடையில் வாங்கினால்கூட அந்த அழகு வராது.

வயர்தான் ஆளைக் கொன்றது. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். காரை நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு தரமும் செட் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாய்ப் பிறந்தது மாதிரி முழித்தது. பியூஸ் மூன்று போனது. சூட்டுக்கோல் பட்டு வலது பெருவிரலில் ஒரு தழும்பு, இப்போதும் தேடினால் தெரியும். குசினி ஜன்னலுக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது.

"மருமகன் காரக் கழட்டிப் போட்டிரிக்காரே. திரும்பப் பூட்டத் தெரியுமா எண்டு கேளு புள்ள."

மனைவி கேட்கவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே பூட்டி முடித்தேன். இரண்டாவது வெள்ளி அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் முதல் பாட்டு வந்தது. வந்த இடம் என் முதுகுக்குப் பின்னால். அந்த நிமிடத்தில் எனக்கிருந்த சந்தோஷம் நியமனக் கடிதம் கிடைத்த அன்றும் இருந்ததில்லை. கார் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முற்றத்தில் நின்று, நானே செய்தேன், நானே செய்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பென் டிரைவில் பாதி இஸ்லாமியப் பாடல்கள், மாமிக்கு. பாதி பழைய சினிமாப் பாட்டுகள், யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. முன் கதவு ஸ்பீக்கர்கள் செத்துப்போயிருந்ததால் முழுச் சத்தமும் பின்னாலிருந்துதான் வரும். மாமியின் தலைக்குச் சரியாகப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் காற்று பாட்டைக் குழப்பும் என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, பாதி உயிரோடு இருந்த ஏசியைப் போட்டேன். எப்படி இருக்கிறது என்று உம்மாவிடம் கேட்கச் சொல்லி மனைவியை அனுப்பினேன்.

"நல்லா இரிக்காம்" என்று பதில் வந்தது.

மருமகன் இரண்டு வெள்ளிக்கிழமை வேர்வை சிந்திச் செய்த ஒன்றை மாமி வேறு என்ன சொல்வார்? அது எனக்கு அன்று உறைக்கவில்லை. அதன் பிறகு மாசக்கணக்காகப் புதன்கிழமைகள் பாட்டோடு போய்ப் பாட்டோடு வந்தன. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பின்னாலிருந்து வந்த அந்த நாலு வசனமும் நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்துவிட்டு அலட்சியம் செய்திருந்தால் அது வேறு. கவனிக்கவே இல்லை என்பதுதான் இப்போதும் என்னைக் குடைகிறது.

அது ஆவணி மாதம். சிறுபோகம் அறுத்து முடிந்த நேரம். கிளினிக்கில் மருந்துச் சீட்டை வாங்கும்போது மாமி எழுத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்ட தாதி ஒருவர் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண் அநேகமாகப் போய்விட்டது, வலது கண்ணுக்கு உடனே லேசர் பிடிக்க வேண்டும் என்றார் அவர். நாலைந்து கிழமைக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார். சீனி வருத்தக்காரருக்குப் பார்வையில் புகை மாதிரி மறைத்தால் அன்றைக்கே வரவேண்டுமாம்.

பின்னேரம் மனைவி வந்ததும் வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. நான் ஹோலில் இருந்தேன். திரைச்சீலைக்கு அப்பால் அவர்கள் இருவரும்.

"ஏன் உம்மா சொல்லல்ல? புகை மாதிரித் தெரிஞ்சா ஆரிட்டயாவது சொல்லத்தானே வேணும்?"

"சொன்னன் புள்ள" என்றார் மாமி. "காருக்குள்ள ரெண்டு மூணு தரம் சொன்னன். வட்டைக்குள்ள ஒரே புகையா இரிக்கி, வைக்கல் எரிக்கிறாங்களாக்கும் எண்டு சொன்னன். மருமகன் ஒண்டும் சொல்லல்ல. அப்ப, மெய்யாவே புகைதான் எண்டு நினைச்சன்."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வீட்டில என்ட மூக்குக் கண்ணாடியத் துடைச்சித் துடைச்சிப் போட்டன். ஊத்தையாக்கும் எண்டு" என்றார் பிறகு.

அந்த வயலில் அந்த நாட்களில் புகை இருந்ததா? இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவர் சொன்னது கேட்டிருந்தால், "புகை ஒண்டும் இல்லையே" என்று முன் கண்ணாடியிடம் ஒரு வசனம் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வசனம் போதும். மாமி அப்போதே சந்தேகப்பட்டிருப்பார். அவர் முகத்தில் படாமல் இருக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன், அதனால் வாய் அசைந்ததும் தெரியவில்லை. ஒரு மனுசிக்கும் எனக்கும் இடையில் இருந்த ஒரே வழியில், அவர் தலைக்குப் பின்னால், நானே பலகை வெட்டி, நானே ஈயம் வைத்து, இரண்டு ஸ்பீக்கரைப் பூட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கர் வயர் இரண்டையும் வெட்டினேன். மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்துக்கு வெட்டுறீங்க? உம்மா உங்கள ஒண்டும் சொல்லல்லயே."

"அதுக்குத்தான்" என்றேன்.

லேசர் பிடித்து வலது கண்ணைப் பாதிக்குக் காப்பாற்றினார்கள். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. புதன்கிழமைகள் தொடர்ந்தன. காருக்குள் இப்போது எஞ்சின் சத்தம் மட்டும். ஜன்னலையும் திறந்து விட்டேன். காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு வெளியில் என்ன தெரிந்திருக்கும்? நானாக எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். எந்த முகத்தோடு என்று மூடிக்கொள்வேன். அந்தச் சில மாதங்கள் போல என் வாழ்நாளில் நான் கூசியதில்லை.

தை மாதத்தில் ஒரு புதன், கிளினிக்கில் முதல் நம்பர் எடுப்பதற்காக சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். மாவடிப்பள்ளியில் ஆற்றைக் கடக்கும் தாம்போதியில் ஏறியதும் பனி இறங்கிவிட்டது. வயல் இல்லை, ஆறு இல்லை, காரின் மூக்குக்கு முன்னால் ரோடும் இல்லை. லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. வேகத்தைக் குறைத்து ஊர்ந்துகொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பியபடி, முன்பு போலவே மெதுவாக. ஆனால் இந்தத் தரம் அது கேள்வி.

"இது வெளியிலயா, இல்லாட்டி என்ட கண்ணா?"

என்னால் முன் கண்ணாடியிடம் பதில் சொல்ல முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்தினேன். சீட்டில் முழுக்கத் திரும்பி, கலியாணம் முடித்து வந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, மாமியின் முகத்தை நேரே பார்த்தேன். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே எதையாவது தெரிந்துகொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம்.

"வெளியிலதான் மாமி. பனி. எனக்கும் ஒண்டும் தெரியல்ல."

அவர் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கவில்லை.

"அப்ப மெல்லமாப் போங்க மகன்" என்றார்.

அதன் பிறகு மாமி இருந்த வரைக்கும் காருக்குள் நாங்கள் நேரே கதைத்தோம். வீட்டுக்குள் வந்ததும் அவர் பழையபடி திரைச்சீலைக்கு அப்பால் போய்விடுவார். காரில் கதைப்பதை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மாமியும் சொல்லியிருக்கமாட்டார்.

அவர் மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. காரை ஒரு இரும்புக் கடைக்காரர் துண்டு துண்டாகக் கொண்டுபோனார். இப்போது என் மகளின் மாப்பிள்ளை கட்டாரிலிருந்து போனில் முகம் காட்டி, "மாமி, இண்டைக்கு என்ன கறி?" என்று என் மனைவியோடு அரை மணித்தியாலம் கதைக்கிறார். இவளும் அவரைப் பெயர் சொல்லிக் கேலி செய்கிறாள். வெட்கம் போய்விட்டது என்று எங்கள் வயதுக்காரர் சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் ஒரு துளி கவலையும் இல்லை. அந்த வெட்கம் கொஞ்சம் முந்திப் போயிருந்தால் ஒரு மனுசிக்கு ஒரு கண் மிஞ்சியிருக்கும்.

எனக்குப் போனது வேறொன்று. பாட்டு ஓடிய அந்த மாதங்களில் மாமி புகையை மட்டுமா சொல்லியிருப்பார்? அந்தச் சிறுபோகத்தில் விதைத்ததையும், பயிர் பச்சை கட்டியதையும், கொக்கு இறங்கியதையும் புதனுக்குப் புதன் ஜன்னலிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார். இரண்டு கண்ணாலும் அவர் பார்த்த கடைசி வெள்ளாமை அது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட என்னிடம் இல்லை.